கொலைக்குத் தகுந்த காமிக்ஸ்

ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக ஒருவன் இன்னொருவனைக் கொல்வானா என்று என்னிடம் கேட்டவர், வாரத்துக்கு ஒரு கொலை எழுதிச் சம்பாதிப்பவர். வியாழக்கிழமைதோறும் டி.வி.யில் வரும் துப்பறியும் சீரியலுக்குக் கதை எழுதுகிறார். என் கடை வாசலில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். மாடிப்படிக்கு அடியில் கடை வைத்தால் எல்லோரும் இடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். நெற்றியைத் தேய்த்தபடி, கூரைவரை அடுக்கியிருந்த பழைய காமிக்ஸ்களைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கொல்ல மாட்டான் சார்" என்றேன். "திருடுவான். படிச்சிட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போய் வீட்டையே மாத்திடுவான். எழவு வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போய் அலமாரியை நோட்டம் விடுவான். கொலை பண்ற அளவுக்கெல்லாம் எங்க ஆளுங்களுக்குத் தெம்பு கிடையாது."

"எனக்குக் கொலை வேணுமே. புத்தகம் என்ன விலை போனா கொல்லுவான்?"

"ஒரு வீட்டு விலை போனா யோசிப்பான்."

"அப்போ ஒரு வீட்டு விலைன்னே எழுதிக்கறேன்" என்று குறித்துக்கொண்டார்.

வீட்டு விலைக்குப் போகும் காமிக்ஸ்கள் உலகத்தில் இருக்கின்றன. எங்கள் மொழியில் இல்லை. மட்டக் காகிதத்தில், மை கையில் ஒட்டும்படி அச்சடித்து, படித்துவிட்டுப் பொட்டலம் மடிப்பதற்கென்றே வந்த புத்தகங்கள் எங்களுடையவை. அப்படியும் சிலது தப்பித்து வந்து நல்ல விலை போகும். அப்படி ஒன்றின் பெயரைக் கதைக்காரர் கேட்டார். எதற்கு அது அரிது, அட்டையில் என்ன படம், எத்தனை பிரதி மிச்சம் என்றெல்லாம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. 'கறுப்பு நங்கூரம்', முதல் இதழ் என்று சொல்லிவிட்டேன். அச்சகத்துக்குள் தண்ணீர் புகுந்து முக்கால்வாசி நாசமாகிப்போன இதழ். எனக்குத் தெரிந்து மூன்று பிரதிகள்தான் மிச்சம். அதில் ஒன்று என் தங்கை வீட்டுக்காரரிடம் இருந்தது.

மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. மாமன் மச்சான் சண்டை இல்லை, சேகரிப்பவர்களின் சண்டை. என்னிடம் இருப்பதெல்லாம் விற்பதற்கு, அவரிடம் இருப்பது எதுவும் விற்பதற்கில்லை. 'கறுப்பு நங்கூர'த்தை ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டினார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு அவரே பக்கங்களைப் புரட்டினார், என்னைத் தொடவிடவில்லை. பின்னில் துருப்பொட்டுகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். எழவு வீட்டில் அலமாரியை நோட்டம் விட்டது நான்தான். ஒரு வாரம்கூட முடியவில்லை, தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நங்கூரம் புத்தகம் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் போட்டிருந்த சட்டைகூட இன்னும் துவைக்கல அண்ணா" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு முகமில்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தங்கையும் அவள் பெண்ணும் அப்புறம் மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது சாமான் போட்டு வைக்கும் அறை. தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. அந்தச் சம்பளம் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டுக்கு வந்தால் அத்தனை பேர் தின்ற பாத்திரமும் தொட்டியில் காத்திருக்கும். அவள் 'அக்கா' என்று கூப்பிடும் ஓரகத்தி அடிக்கிறவளோ திட்டுகிறவளோ இல்லை. "ஃபேன் காலையிலேர்ந்து ஓடுது போலிருக்கே" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பதினாலு வயதுப் பெண் தலையில் ரெண்டாவது செம்பு தண்ணீர் ஊற்றும்போது குளியலறைக்கு வெளியே செருமுவாள். தங்கைக்கு வேண்டியதெல்லாம் தானே பூட்டித் தானே திறக்கிற ஒரு கதவு. ரெண்டு அறை, அதற்கு ஒரு கதவு. என்னிடம் எப்போது பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். நான் "பாக்கலாம்மா" என்பேன். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சீரியல்காரர்கள் என்னை ஆலோசகராகப் படப்பிடிப்புக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியின் முதுகில் 'ஆலோசகர்' என்று பேப்பர் ஒட்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பேப்பர் எனக்கு ஒரு போதையைக் கொடுத்துவிட்டது. முப்பது வருடம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தவனை முதல்முறையாக ஒரு ஊரே 'சார்' என்றது. புத்தகத்தின் பெயரை 'சிவப்பு நங்கூரம்' என்று மாற்றியிருந்தார்கள். ரத்தமும் சிவப்பு, நங்கூரமும் சிவப்பு என்றால் எது எதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய ஹாஸ்யக்காரன் என்ற நினைப்பும் எனக்கு வந்துவிட்டது.

காட்சி இதுதான். சேகரிப்பவனைக் கத்தியால் குத்துகிறார்கள். அவன் புத்தகத்தின் மேல் சாய்கிறான். இன்ஸ்பெக்டர் வந்து ரத்தம் தெறித்த புத்தகத்தைக் கையில் எடுத்து, இதன் விலை ஒரு வீடு என்கிறார். முதல் டேக்கிலேயே அச்சடித்து வைத்திருந்த போலிப் புத்தகம் ரத்தச் சாயத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. டைரக்டருக்கு இன்னும் எட்டு டேக் வேண்டியிருந்தது. செட்டுக்குச் சாமான் ஏற்பாடு செய்பவர் கெட்டிக்காரர். வெளியே ஓடிப்போய் இன்னொரு பிரதியைப் பக்கம் பக்கமாக லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு டேக்குக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும், புத்தகம் புதுசாகிவிடும்.

"சார், நிஜத்துல இப்படி வெச்சிருப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

என் கடையில் ஒருவன் கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டிக் கொண்டுவந்தாலே நான் அவனை வெளியே போகச் சொல்வேன். லேமினேஷன் என்பது கொதிக்கிற பசை. மட்டக் காகிதம் அதைக் குடித்துவிடும். அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே விஷயமும் இதுதான். ஆனால் சாப்பாடு வந்துவிட்டது, எல்லோரும் என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள், நானோ நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"டி.வி.தானே, யாரு கவனிக்கப் போறாங்க. ஓகே" என்றேன்.

பளபளப்பு காமிராவில் அடித்தது. அதை மறைப்பதற்கு டைரக்டர் அங்கேயே நின்றபடி ஒரு வசனம் சேர்த்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பக்கம் பக்கமா லேமினேட் பண்ணி வெச்சிருக்கான் பாரு. இதோட மதிப்பு தெரிஞ்சவன்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சீரியல் வந்த மறுநாள் காலையில் தங்கை போன் பண்ணினாள். கூடத்தில் இருக்கிற போன், அதனால் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அண்ணா, உன் பேரு வந்துச்சு. ஆலோசனைன்னு போட்டு, தனியா, பெருசா. நானும் பாப்பாவும் பாத்தோம்."

"சும்மாம்மா, கூப்பிட்டாங்க, போனேன்."

"அந்தப் புத்தகம்... அது நம்ம கறுப்பு நங்கூரம்தானே? பேரைத்தான் மாத்தியிருக்காங்க?"

"ஆமாம்மா."

"என்கிட்ட இருக்கு அண்ணா. பெட்டியில, துணிக்கு அடியில. அவர் கடைசியா சொன்னதே அதைத்தான். ஒண்ணும் வழியில்லன்னா இதை அண்ணன்கிட்ட குடுன்னாரு."

வீட்டு விலையெல்லாம் வராது, அது கதைக்காகச் சொன்னது என்று நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "இன்னைக்கே கொண்டு வா" என்றேன்.

"நாளைக்கு சனிக்கிழமை, வரேன். ரெடி பண்ணிட்டு வரேன்."

என்ன ரெடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை வைத்த கையோடு என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பல் டாக்டருக்கு அடித்தேன். இருபது வருடமாக அந்த முதல் இதழைத் தேடுகிற மனிதர். சனிக்கிழமையே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசாமல் ஒரு தொகை சொன்னார். ரெண்டு அறை வீட்டுக்கு முன்பணமும் மூன்று வருட வாடகையும் அதில் அடங்கும். மாப்பிள்ளை, கெட்டிக்காரன்யா நீ என்று வாய்விட்டே சொன்னேன். அவர் உயிரோடு இருந்தவரை அவரை அப்படி நான் சொன்னதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தங்கை வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் முகத்தில் அந்த மாதிரி ஒரு களையை நான் பார்த்ததில்லை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சொல்லிட்டேன் அண்ணா. அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துட்டேன். ஃபேனை, தண்ணியை, எம்பொண்ணு தட்டுல ரெண்டாந்தடவை போடறப்ப அவங்க பாக்கற பார்வையை, எதையும் விடல. அவங்க வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வாசல் சாவியை அக்கா கையில குடுத்துட்டேன். பாப்பாவைப் பையெல்லாம் கட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அவசரப்பட்டுட்டியேம்மா..."

"ரெண்டு வருஷம் அவசரப்படலையே." சிரித்தாள். பையைத் திறந்து, துணியைப் பிரித்து, அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பளபளவென்று இருந்தது. முப்பத்திரண்டு பக்கமும் லேமினேட் பண்ணி, முதுகை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் துளை போட்டுக் கறுப்புச் சுருள் கம்பி மாட்டியிருந்தது. ஓரங்களைக் கட்டரால் நேராக நறுக்கியிருந்தார்கள். அட்டைப்பட நங்கூரத்தின் ஒரு முனையும் அந்த நறுக்கலில் போயிருந்தது. சூட்டில் மை கசிந்து கடலெல்லாம் பழுப்பாகியிருந்தது.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றாள். "பழசா, அழுக்கா இருந்துச்சு. அக்கா ஒருநாள் இதைப் பாத்துட்டு, குப்பைன்னு சொன்னாங்க. டி.வி.ல வந்த மாதிரியே பண்ணணும்னு ஜெராக்ஸ் கடையில குடுத்தேன். அவன்கூட யோசிச்சான், பழைய பேப்பரா இருக்கே, பரவாயில்லையான்னு. எங்க அண்ணன் இதுல பெரிய ஆளு, அவர் சொல்லித்தான் டி.வி.லயே காட்டினாங்கன்னு சொன்னேன்."

சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிஷத்திலேயே, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டியூஷன் விளம்பரத்தை நாலு தடவை படித்தேன். நான் திரும்பி வரும்போது பல் டாக்டர் கடைக்குள் இருந்தார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா, காட்டுங்க" என்றார்.

அவள் நகர்த்தி வைத்தாள். அவர் துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அதைத் தொடவே இல்லை.

"இதை யாரும்மா பண்ணினது?"

"நான்தான் சார், டி.வி.ல பாத்து." அவள் குரலில் இன்னும் பெருமை இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவரும் அந்த சீரியலைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் பேசுவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் டீக் குவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், சொத்தைப் பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று சொல்கிறவரின் பக்குவத்தோடு, அவரே சொன்னார்.

"அம்மா, இதை இனிமே யாரும் வாங்க மாட்டாங்க."

"ஏன் சார்? கம்பியைக் கழட்டிடலாம்."

"கம்பி இல்லம்மா. பசை. காகிதத்துக்குள்ள போயிடுச்சு."

"வெந்நீர்ல போட்டா பிரிஞ்சு வராது? சலவைல நாங்க மெழுகுக் கறையே எடுப்போம் சார்."

"படமும் கூடவே வந்துடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். இவருக்குத் தெரியவில்லை, நீ சொல்லேன் என்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்திருந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள், புடவைத் தலைப்பை மட்டும் இழுத்து மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருப்பார் பாவம். "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்லா வெச்சிருந்திருக்காருன்னு இதுலயே தெரியுதும்மா. ஒரு பூச்சி அரிப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போன பிறகு அவள் கேட்டாள்.

"லேமினேட் பண்ணக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் டி.வி.ல அப்படிக் காட்டினாங்க?"

"ரத்தம் துடைக்க சௌகரியமா இருந்துச்சு. என்கிட்ட கேட்டாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அது எனக்குச் சுலபம். அவள் அந்தச் சுருள் கம்பிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள். "நீயே வெச்சுக்கோ. அவர் தவறின அந்த வாரமே நீ கேட்டியே. அப்பவே உன்கிட்ட குடுத்திருக்கணும்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இங்க வந்துடும்மா, நீயும் பாப்பாவும்" என்றேன்.

சொல்லும்போதே என் கண் என்னையறியாமல் பின்பக்கம் போயிற்று. தட்டி மறைத்த இடத்தில் நான் படுக்கிற ஒற்றைக் கட்டில். அதற்கு அடியிலும் புத்தகக் கட்டு. குளியலறை, மேலே இருக்கிற தையல்கூடத்து ஆட்கள் இருபது பேருக்கும் பொது. அவளும் அங்கே பார்த்தாள். கூப்பிட்டவன் குரலிலேயே 'வராதே' என்பதும் இருந்தது, அது அவளுக்கும் கேட்டிருக்கும். "பொண்ணு பெரியவளாயிட்டா அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் ஓரகத்திக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். தப்பெல்லாம் என்னுடையது, அவள் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சலாம். அவர்கள் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்தலாம், அதற்கும் ரெண்டு மூன்று வசனம் தயார் பண்ணினேன். தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாடகைக்கு என்று பலகை தொங்கிய வீடுகளைக்கூடப் பார்க்காமல், தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் அவள் நின்றுவிட்டாள். மணியை அழுத்த அவளுக்குக் கை எழும்பவில்லை. நான் அழுத்தினேன்.

ஓரகத்திதான் திறந்தாள். என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், தங்கையின் வெறும் கையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்வாள், நான் பாய்ந்துவிடலாம் என்று காத்திருந்தேன். கதவை முழுக்கத் திறந்து ஒதுங்கிக்கொண்டாள்.

"நீங்க காலி பண்ணிட்டீங்கன்னு ரூம்ல வாஷிங் மெஷினை ஏத்திட்டோம்" என்றாள். "நவுத்த முடியாது. ஒதுங்கிப் படுத்துக்கோங்க."

"சரிக்கா" என்றாள் தங்கை.

கூடத்தில், ரெண்டு பைகளுக்கு நடுவில், முதுகில் பள்ளிக்கூடப் பையையும் மாட்டிக்கொண்டு அவள் பெண் உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். ஷூ போட்டு, கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தாள். காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வீடு எந்தத் தெருவுலம்மா?"

தங்கை அவள் முன்னால் மண்டியிட்டாள். "ஷூவைக் கழட்டும்மா" என்றாள். பெண் அசையவில்லை. தங்கையே குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பினாள், அப்படியும் வரவில்லை. ஓரகத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, வெளியே நின்ற என்னிடம், "வரீங்களா, சாத்தவா?" என்று கேட்டாள்.

சாத்திக்கொள்ளுங்கள் என்றேன்.